திரும்பு வாளி

சுரைக்காயை நான் காய் என்றே ஒத்துக்கொள்வதில்லை. பச்சைத் தோல் போர்த்திய தண்ணீர் அது. ருசி என்று எதுவும் தப்பித்தவறி உள்ளே போய்விடக் கூடாது என்று யாரோ பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்த பொருள். வேகவைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீராகும். வதக்கினால் சட்டியில் உட்கார்ந்து அழும். பச்சையாகக் கடித்தால் மழையில் நனைந்த மெத்தையைக் கடித்த மாதிரி இருக்கும். மெத்தையைக் கடித்துப் பார்த்தீரா என்று கேட்பீர்கள். இந்தக் கோடையில் பார்த்தேன். மெத்தை எவ்வளவோ தேவலை.

நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. மகன் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவன். மருமகள் பார்சல் ஆபீஸில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தாள். எனக்குப் பின்பக்கத்து அறை. அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும். வெயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. தெருவில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற மத்தியானத்தில்கூட அங்கே படுத்தால் போர்வை கேட்கும். ஒருமுறை கோடை நடுவில் எனக்கு அங்கே ஜலதோஷமே பிடித்தது. டாக்டர் நம்பவில்லை. அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். அவரும் தும்மிவிட்டுப் போனார்.

அந்த அறைதான் போயிற்று.

பார்சல் ஆபீஸை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு மருமகள் வீட்டில் பேசுவது குறைந்து, குறைந்து, கடைசியில் கெட்டிலோடு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. "கொதிச்சிட்டியா?" என்பாள். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. மகன் என்னைப் பார்ப்பான், நான் மகனைப் பார்ப்பேன், இரண்டு பேரும் கெட்டிலைப் பார்ப்போம்.

அப்போதுதான் ஊருக்கு வெளியே உள்ள ஒரு சின்னத் தோட்டத்தைப் பற்றி அவள் கேள்விப்பட்டாள். ஒரு பெண்மணி தனியாக நடத்துகிற தோட்டம். கோடை தொடங்குமுன் வீடுகள் பங்குதாரராகச் சேர்ந்துகொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை தோட்டத்தில் என்ன விளைகிறதோ அதைச் சரிசமமாகப் பிரித்துப் பெட்டி பெட்டியாக வேனில் அனுப்புவார். குறைவாக விளைந்தால் குறைவு. கொட்டிக் கிடந்தால் உங்கள் தலையிலும் கொட்டும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வீடு பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்ளும், மற்றவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். எங்கள் பகுதிக்கு அந்த வீடாக இருக்கிறேன் என்று மருமகள் கையைத் தூக்கிவிட்டாள்.

"குளிர்ச்சியான இடமா வேணுமாம் மாமா," என்றாள் என்னிடம். வேலை போனபின் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"ப்ரிட்ஜுல வைக்க வேண்டியதுதானே?"

"ப்ரிட்ஜுல ரெண்டு பெட்டிகூட போகாது. நம்ம வீட்டுல குளிர்ச்சின்னா உங்க ரூம்தான்."

"நான் எங்கே போறது? நானும் வாடிப் போற சாமான்தான்மா."

"ஒரு நாள்தான் மாமா. காலையில வேன் வரும், சாயங்காலம் எல்லாரும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. மறுநாள் உங்க கட்டிலைப் போட்டுடலாம்."

அவள் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. அதைப் பார்த்து ஏமாந்துபோய்த் தலையாட்டிவிட்டேன். கட்டிலை மடித்துச் சுவரோடு சாத்தினார்கள். எனக்கு ஹால் சோபா. அதில் இடுப்புவரை படுக்கலாம், மீதிக்கு வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் சொன்னபடியே நடந்தது. பிஞ்சு வெண்டை, கையளவு தக்காளி, முள் மாறாத வெள்ளரி. எல்லாரும் ஓடிவந்து எடுத்துப் போனார்கள். பிறகு வெயில் முற்றியது. தோட்டத்துக்குப் பைத்தியம் பிடித்தது.

வெள்ளரிக்காய்கள் வயிறு மஞ்சளித்து, பதவி உயர்வு கிடைத்த மேனேஜர் மாதிரி வந்து இறங்கின. தக்காளி வழியிலேயே வெடித்துப் பெட்டியின் இடுக்கெல்லாம் சொட்டியது. கத்தரிக்காயை அறுத்தால் உள்ளே ஏற்கெனவே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சுரைக்காயைப் பற்றி என்ன சொல்ல! பறித்தபின்பும் வளர்வதை அது நிறுத்தவில்லை. ஒரு காலையில் அறைக் கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒன்று காலை நீட்டிக் கதவை உதைத்துக்கொண்டிருந்தது. மகனும் நானும் சேர்ந்து தள்ளித்தான் உள்ளே போனோம்.

ஜனங்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவது மாடியில் ஒரு தையல்காரம்மா. அவள் படியில் என்னைக் கண்டால் திரும்பி ஓடினாள்.

"ஏம்மா, உன் பெட்டி மேலே இருக்கே?"

"போன வாரத்துதே இன்னும் வீட்டுல படுத்திருக்கு மாமா! பிள்ளைங்க என்னோட பேசறதில்ல!"

கீழ்வீட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர். வேன் வரும் நாளில் அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, வீட்டில் இல்லாதவராக உட்கார்ந்திருப்பார். இல்லாதவர் இருமுவது தெருவரைக்கும் கேட்கும்.

எடுக்காத பெட்டிகள் என் அறையிலேயே தங்கின. தங்கியவை அழுகின. இதற்கு மேல் திரும்பு வாளி.

அது அந்தத் தோட்டத்தின் சட்டம். தோட்டம் கொடுத்ததில் தின்றது போக மிச்சம் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும், உரத்துக்கு. தோல், காம்பு, குடல், அழுகல் எல்லாவற்றையும் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து எங்கள் அறையில் உள்ள பெரிய மூடிபோட்ட வாளியில் கொட்டுவார்கள். வேன் வரும்போது அதை ஏற்றிக்கொண்டு, காலி வாளி ஒன்றை இறக்கிவிட்டுப் போகும். மனிதர்கள் காயை எடுக்கத்தான் வரவில்லை. கொட்டுவதற்குத் தவறாமல் வந்தார்கள்.

அந்த வாளியின் மூடியை ஒருமுறை திறந்து பார்த்தேன். பார்த்தவன் உயிரோடிருந்து எழுதுகிறேன். மேலே வெள்ளைப் பூஞ்சை பஞ்சு மாதிரி மிருதுவாகப் படர்ந்திருந்தது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு சாறு, ஏதோ யோசிப்பது போல மெல்லக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளரி விதைகள் எச்சில் கட்டியது மாதிரி விளிம்பில் வழிந்தன. சின்னச் சின்னப் பூச்சிகள். கொசுவுக்கு இருக்கிற தன்மானம்கூட அவற்றுக்கு இல்லை. விரட்டினால் போகாமல் நம் வாயைப் பார்த்து வரும். நாற்றம் எழுந்து வந்து என் தோளில் கை போட்டது. அன்று முழுக்க என்னோடேயே இருந்தது. சலூனுக்குப் போனேன், முடிதிருத்துபவர் எனக்குப் பின்னால் யாரும் வந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

இப்படியே விட்டால் கோடை முடிந்தாலும் கட்டில் திரும்பாது. ஜனங்கள் பெட்டியை எடுத்துப் போனால்தான் எனக்கு அறை. எடுக்க வைக்க வேண்டும். புத்திமதி சொல்லி யாரையும் சுரைக்காய் தின்ன வைக்க முடியாது என்பது உலகம் அறிந்தது. பொய்தான் வழி. எனக்குக் கைவந்த துறை.

காலையில் குளியலறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாளை ஒரு ஓரம் விடாமல் மனப்பாடம் செய்தேன். பிறகு கண்ணாடியைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்து, தாளை விரித்து, ஒரு வெள்ளரியை நறுக் நறுக்கென்று கடித்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு அந்தத் தாள், அழுக்குத் துணி மாதிரிதான் தெரியும்.

டிரைவர் வந்தார். "என்ன அண்ணே, கண்ணாடியை எங்கே போட்டீங்க?"

"எதுக்குப்பா அது?"

"எதுக்கா? மூக்கு மேல ஈ உக்காந்தாலே மூக்குத்திம்பீங்க!"

"அது போன மாசம். மூணாம் பக்கத்துல ஓரத்துல என்ன இருக்கு பாரு, தண்ணீர் பம்பு விளம்பரம். பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கலாமாம். கீழே பொடி எழுத்துல, நிபந்தனைக்கு உட்பட்டதுன்னு போட்டிருக்கான், கவனிச்சியா?"

டிரைவர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "என்னண்ணே மாயம் இது?"

"மாயம் என்ன மாயம். மேலே கிடக்குதே, அந்தத் தோட்டத்து வெள்ளரி. தோலோட. கூடவே சுரைக்காய் ஒரு துண்டு, பச்சையா. நீ எடுக்காததால உன் பங்கையும் நானே தின்னுட்டிருக்கேன். ரொம்ப நன்றி."

அன்று சாயங்காலத்துக்குள் அறையில் ஒரு காம்பு மிச்சமில்லை. பெட்டிகளுக்காகப் படியில் தள்ளுமுள்ளு நடந்தது. மருமகள் குரல் கீழே தெருவரை கேட்டது: "வரிசையா வாங்க! அந்தப் பெட்டி உங்களோடது இல்ல, வையுங்க!" பார்சல் ஆபீஸ் காலத்துக் குரல். கட்டிலை அவளே விரித்துப்போட்டாள். நான் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினேன்.

மகன்தான் கடையிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான்.

"அப்பா, இன்னிக்கு ஒரு அம்மா வந்து, கண்ணாடியை நிறுத்தி வையுங்க, கொஞ்ச நாள் சுரைக்காய் சாப்பிட்டுப் பாக்கறேன்னு சொல்லிட்டுப் போறாங்க. என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடறீங்களே!"

"மண்ணு இல்லடா, உரம்."

என் சிரிப்பு அடுத்த வேன் வரும் வரைக்கும்தான். பேச்சு பரவிவிட்டது. பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு, கண் மங்கியவர்கள், மங்கலாம் என்று பயந்தவர்கள் எல்லாரும் புதிதாகப் பங்குக்குச் சேர்ந்தார்கள். வேனிலிருந்து பெட்டிகள் இறங்கின, இறங்கின, இறங்கிக்கொண்டே இருந்தன. அத்தனை பேரும் ஒரே நாளில் வர முடியாதாம். ஆளுக்கொரு நாள். என் கட்டில் திரும்பவும் சுவரோடு போய் நின்றது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, நான் வாயையும் கொடுத்துக் கட்டிலையும் கொடுத்தேன்.

போதாததற்குக் கண்ணாடி போட முடியவில்லை. வீட்டில் எந்நேரமும் பங்குதாரர் யாராவது இருந்தார்கள். ஆணியில் தொங்கிய மகனின் கோட்டை மகன் என்று நினைத்து அரைமணி நேரம் புத்தி சொன்னேன். மகனைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

அந்த வாரம் வேன் காய்ச் சுமையோடு திணறி வந்ததால் வாளியை எடுக்க இடமில்லை. "அடுத்த வாரம் எடுத்துக்கறேன், பத்திரமா பாத்துக்குங்க" என்று தோட்டக்காரம்மா கீழேயிருந்து குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வெயிலோ உச்சத்தில். வாளி வாய்வரை நிரம்பியிருந்தது.

மருமகள் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி சொன்னாள்: "மாமா, வாளி மூடி நடுவுல ஒரு திருகு இருக்கு பாருங்க. கொஞ்சம் தளர்த்தி விடுங்க, இல்லேன்னா உள்ளே காத்து அடைச்சுக்கும். எந்தப் பக்கம்னு அம்பு போட்டிருக்கு."

சட்டைப் பைக்குக் கை போனது. எதிரே தையல்காரம்மா தக்காளி பொறுக்கிக்கொண்டே என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை வெளியே எடுத்துவிட்டேன். மூடியில் ஏதோ கறுப்பாக இருந்தது. அம்பா, அழுக்கா, ஒரு பூச்சியின் பிணமா, தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் திருகினேன். நன்றாகவே திருகினேன். எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

நாற்றம் அப்படியே நின்றுபோயிற்று.

"மாமா கை பட்டா நாத்தம்கூட அடங்கிடுது பாருங்க," என்றாள் மருமகள் தையல்காரம்மாவிடம்.

வேன் வருகிற நாள் வந்தது. அறையில் நிற்க இடமில்லை. டிரைவர் வாளிக்குப் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மூடி லேசாக உப்பியிருந்ததாம், பிறகு சொன்னார். என் கண்ணுக்கு என்ன தெரியும்? தையல்காரம்மா முண்டியடித்து முன்னால் வந்தாள். கையில் ஊசியும் நூலும்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வாரமா பச்சைச் சுரைக்காயா தின்னு வயித்தைப் பொரட்டுது, ஊசிக்கண்ணு இன்னும் தெரியல. நீங்க ஒரு தடவை கோத்துக் காட்டுங்க, மனசுக்கு ஒரு தைரியமா இருக்கும்."

"இந்தக் கூட்டத்துலயாம்மா?"

"கோத்துக் காட்டுங்கண்ணே," என்றார் டிரைவர். "நானும் ரெண்டு வாரமா பம்பு விளம்பரத்தைத் தேடிட்டிருக்கேன்."

ஊசியை வாங்கினேன். வாங்கினேன் என்று அவர்கள் சொன்னதால் தெரியும். என் விரல்களுக்கு நடுவே ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நூலை எச்சில் தொட்டு முறுக்கினேன். நூலை ஆகாயத்தில் எங்கோ நீட்டினேன்.

வாளி வெடித்தது.

இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தே சொல்கிறேன். மூடி கூரையில் மோதி, சுவரில் மோதி, ஜன்னல் வழியாகப் போய்விட்டது. உள்ளே இருந்தது முழுவதும் எழுந்து ஒரு கணம் அறை நடுவில் நின்றது. யார் யார் மேல் விழலாம் என்று பார்த்துக்கொண்டது. பிறகு யாரையும் மனக்குறைப்பட விடாமல் எல்லார் மேலும் விழுந்தது. சரிசமப் பங்கு, தோட்டத்துச் சட்டப்படி. டிரைவரின் மீசையில் சுரைக்குடல் தொங்கியது. தையல்காரம்மாவின் காதில் ஒரு தக்காளித் தோல் ஜிமிக்கியாக ஆடியது. கத்துவதற்கு வாயைத் திறந்தவர்கள் அதற்காகப் பிறகு ரொம்ப நாள் வருத்தப்பட்டார்கள். எனக்குச் சட்டைக் காலருக்குள் இதமான வெதுவெதுப்பாக ஏதோ இறங்கி, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக விசாரித்துக்கொண்டு இடுப்புவரை போய்ச் சேர்ந்தது. அது நகர்ந்தது. தானாக. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்நேரத்தில்தான் தோட்டக்காரம்மா படியேறி வந்தார். ஜன்னல் வழியாகப் போன மூடி அவர் கையில் இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, அவருக்கு அது பழக்கம். மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இந்தத் திருகை இறுக்கினது?"

எல்லாருக்கும் வாயில் ஏதாவது இருந்தது.

"அம்பு என் உள்ளங்கை அகலத்துக்குப் போட்டிருக்கேன். கண்ணு தெரிஞ்சவங்க யாரும் இதை இந்தப் பக்கம் திருக மாட்டாங்க."

டிரைவர் மீசையைத் துடைத்துக்கொண்டு மெல்ல என் பக்கம் திரும்பினார். தையல்காரம்மாவும் திரும்பினாள்.

"நான்தான் இறுக்கினேன்," என்றாள் மருமகள்.

தோட்டக்காரம்மா அவளைப் பார்த்தார். "நீயாம்மா? உன்னை நம்பித்தானே வச்சேன். சரி. வாளியைப் பாத்துக்கத் தெரியாத வீட்டுல பெட்டி வைக்க முடியாது. பெரியவங்க பிள்ளைங்க வந்து போற இடம். இன்னியிலேருந்து கீழே டிரைவர் வீட்டுக்கு இறக்கிடறேன்."

என் அறை! நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அன்றைக்கு அது உடம்புக்கும் நல்லது. கழுவிவிட்டால் அறை, கட்டில், போர்வை. மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் கீழே கிடந்த ஒரு காலிப் பெட்டியை எடுத்து, இன்னொன்றோடு பொருத்தி, ஓசைப்படாமல் அடுக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தமின்மை எனக்குத் தெரியும். கெட்டிலோடு பேசுகிறவளின் சத்தமின்மை.

"அவ இல்ல. நான்தான்," என்றேன்.

"மாமா, சும்மா இருங்க."

"நீ சும்மா இரு. அம்மா, நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. உங்க வெள்ளரியைத் தின்னு தின்னு எனக்குப் பார்வை அளவுக்கு மீறிப் போயிடுச்சு. அம்பைப் பார்க்கலாம்னு குனிஞ்சேன். பார்வை மூடியைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. உள்பக்கத்திலேருந்து பார்த்தா அம்பு எதிர்ப்பக்கமாத்தானே இருக்கும்? அப்படியே திருகிட்டேன். பார்வை கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது."

அறை கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு தையல்காரம்மா என் விரலிலிருந்து ஊசியைப் பத்திரமாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

"கண்ணாடியைப் போடுங்க மாமா," என்றாள்.

போட்டேன். அதன்மேலும் விதை ஒட்டியிருந்தது.

"அப்போ அந்தப் பம்பு விளம்பரம்?" என்றார் டிரைவர்.

"காலையில, குளியலறையில, மனப்பாடம்."

தோட்டக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, வாந்தியை அடக்குகிறாரா என்று கண்ணாடி போட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. "பெட்டி இங்கேயே இருக்கட்டும்மா," என்றார் மருமகளிடம். "ஆனா இந்தப் பெரியவரை வாளிப் பக்கம் விடாதே."

அறையை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தேய்த்தோம். மகன் ஏணிமேல் நின்று கூரையைச் சுரண்டினான், சுரண்டியது என் தலையில் விழுந்தது. "உரம்பா," என்றான். மருமகள் சிரித்துச் சிரித்துச் சுவரோடு சாய்ந்தாள். சாய்ந்த இடம் சரியில்லை, உடனே விலகினாள்.

பங்குக்குச் சேர்ந்தவர்கள் கோடை முடியும் வரை விலக முடியாது. ஆகவே வருகிறார்கள், ஒருவர் தவறாமல். வந்து தக்காளியை எடுத்துக்கொள்கிறார்கள், வெண்டையை எடுத்துக்கொள்கிறார்கள். சுரைக்காயை மட்டும் எனக்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். "அண்ணனுக்குக் கண்ணுக்கு நல்லது," என்று டிரைவர்தான் தொடங்கிவைத்தார். இப்போது பக்கத்துத் தெருவிலிருந்தும் வருகிறது. என் கட்டில் இன்னும் சுவரோடுதான் நிற்கிறது. அதன் முன்னால் சுரைக்காய்கள் என் பெயரால் அடுக்கப்பட்டிருக்கின்றன. எதையும் வீணாக்கக் கூடாது என்பதில் மருமகள் கறார். சோபாவுக்கே தட்டு வந்துவிடுகிறது.

"சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடுங்க மாமா."

தட்டில் அது வெளிறி, வியர்த்து, நடுவில் விதைகளோடு என்னைப் பார்த்துக் கிடக்கிறது. முன்பாவது கண்ணாடி இல்லாமல் தின்றேன்.